சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர்: இடைக்கால ஐரோப்பாவின் கை கழுவும் கெண்டிகள்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பித்தளைச் சிங்கம் இருந்தது, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் உயரம், முதுகில் கைப்பிடி, உச்சந்தலையில் சின்ன மூடி, வாயில் ஒரு குழாய். பெயர்ப் பலகையில் ‘அக்வாமனிலே, 13ஆம் நூற்றாண்டு, ஜெர்மனி’ என்று மட்டும் எழுதியிருந்தது. இது பொம்மையா, சர்ச் பாத்திரமா, இல்லை பணக்காரர் வீட்டு அலங்காரமா? தண்ணீர் ஊற்றத்தான் என்றால் ஒரு சாதாரணக் குடம் போதாதா?

கை கழுவத்தான். குடிக்க இல்லை, செடிக்கு ஊற்ற இல்லை, அலமாரியில் வைத்து அழகு பார்க்கவும் இல்லை (அழகு பார்த்தார்கள், அது வேறு விஷயம்). ஒருவர் கையை நீட்ட, இன்னொருவர் அந்தச் சிங்கத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்ற, கீழே ஒரு பேசினில் அது விழும். சர்ச்சா வீடா என்றால் இரண்டும்தான். பூசைக்கு நடுவே பாதிரியார் கை கழுவுவதற்கும், விருந்துக்கு உட்காருகிறவர்கள் கை கழுவுவதற்கும் ஒரே மாதிரிப் பாத்திரம்தான். அதனால் இன்று ஏதாவது ஒரு சிங்கத்தைக் கையில் கொடுத்து ‘இது சர்ச்சில் இருந்ததா, மாளிகையில் இருந்ததா’ என்று கேட்டால், பாத்திரத்தை மட்டும் வைத்துப் பெரும்பாலும் சொல்ல முடியாது.

இடைக்கால ஐரோப்பியர்கள் அழுக்கர்கள், குளிக்கவே மாட்டார்கள் என்று ஒரு கதை நம்மிடையே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு மேசையைப் பொறுத்தவரை அது சுத்தமாகப் பொருந்தாது. அங்கேயும் கையால்தான் சாப்பிட்டார்கள். சொந்தமாக ஒரு கத்தி இருக்கும், கஞ்சி மாதிரியான பதார்த்தத்துக்குக் கரண்டி இருக்கும், முள்கரண்டி வடக்கு ஐரோப்பாவில் பழக்கத்துக்கு வந்தது ரொம்பப் பிந்தித்தான். பெரிய விருந்துகளில் இரண்டு பேருக்கு ஒரே கிண்ணத்தைப் பொதுவாக வைப்பதும் உண்டு. பக்கத்தில் இருப்பவர் விரலை விடும் அதே கிண்ணத்தில் நாமும் விடப்போகிறோம் என்றால், அவர் கை கழுவினாரா என்பது நம் கவலையும்தான். ஆகவே கை கழுவுவது பின்கட்டில் போய் முடித்துவிட்டு வருகிற வேலையாக இல்லாமல், எல்லார் கண்ணெதிரே மேசையிலேயே நடந்தது. பணியாள் ஒருவர் கெண்டியோடும் பேசினோடும் வருவார், தோளில் துண்டு இருக்கும், மதிப்பில் பெரியவருக்கு முதலில் ஊற்றப்படும், தண்ணீரில் ரோஜாவோ வாசனைத் தழையோ போட்டிருப்பார்கள். சபை பார்க்க நடக்கிற ஒரு மரியாதை என்று ஆனபின், அதற்கான பாத்திரம் சும்மா ஒரு குடமாக இருந்தால் வீட்டுக்காரருக்கு என்ன பெருமை?

சர்ச்சிலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. அப்பத்தைத் தொடுவதற்கு முன் பாதிரியார் கை கழுவ வேண்டும். குற்றமில்லாமையில் என் கைகளைக் கழுவுவேன் என்கிற சங்கீத வரியை அப்போது சொல்வது வழக்கம். உதவியாள் தண்ணீர் ஊற்றுவார்.

இந்தப் பாத்திரங்களை எங்கே பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது முகத்தையோ பிடரியையோ இல்லை. தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது, எந்த வழியாக வெளியே வருகிறது, இந்த இரண்டும்தான். இதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்: யார் எங்கே நின்று பிடித்தார்கள், எந்தக் காலத்து வேலை, உண்மையிலேயே தண்ணீர்ப் பாத்திரம்தானா என்பதெல்லாம். உதாரணத்துக்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஈரானிலிருந்து வந்த ஒரு பெரிய வெண்கலச் சிங்கம் இருக்கிறது, 1181-82 என்று தேதி பொறித்தது, உயரம் 85 செ.மீ. பார்த்தவுடன் பலரும் இதுவும் கெண்டி என்றே நினைப்பார்கள். ஆனால் உடம்பு முழுக்கப் பின்னல் வேலை மாதிரி ஓட்டை. தண்ணீர் ஊற்றினால் நாலா பக்கமும் கொட்டும். அது சாம்பிராணி மாதிரி வாசனைப் புகை போடுகிற கலம், புகை போகத்தான் அத்தனை ஓட்டை.

நீங்கள் பார்த்த மாதிரியான சிங்கத்துக்கு வருவோம். உச்சந்தலையில் காதுகளுக்கு நடுவே ஒரு துளை, அதற்குக் கீல் வைத்த மூடி. அதுதான் நிரப்புகிற வழி. வாயில் குழாய், சில சமயம் அந்தக் குழாயே ஒரு குட்டி விலங்கின் தலையாக இருக்கும். முதுகில் வளைந்து நிற்கும் கைப்பிடி பெரும்பாலும் சும்மா ஒரு வளையம் இல்லை: சிங்கத்தின் வாலே மேலே எழும்பி வளைந்து தலையோடு சேர்ந்திருக்கும், அல்லது மெலிந்த உடம்புள்ள ஒரு டிராகன் முதுகில் நின்று சிங்கத்தின் பிடரியைக் கவ்விக்கொண்டிருக்கும். அந்த டிராகன் அங்கே எதற்கு என்று குறியீட்டு விளக்கமெல்லாம் நிறையச் சொல்வார்கள். முதல் காரணம், கைப்பிடிக்கு இரண்டு முனை வேண்டும், இரண்டும் உடம்போடு பலமாக ஒட்டியிருக்க வேண்டும். பின்கால் ஒரு முனை, கவ்வும் வாய் இன்னொரு முனை. தேவையையே கதையாக மாற்றிவிட்டார்கள். நான்கு விரலால் அந்த டிராகனின் வயிற்றைப் பிடித்துத் தூக்கி முன்பக்கமாகச் சாய்த்தால் சிங்கம் தலை குனிந்து உங்கள் கையில் தண்ணீர் விடும். மூடி காற்றுப் புகாத மாதிரி இறுக்கமாக இருக்காது, இருக்கவும் கூடாது, காற்று உள்ளே போகாவிட்டால் தண்ணீர் விக்கி விக்கித்தான் வரும்.

இந்த வழியை வைத்துக் கொண்டு மிகப் பெரிய வேடிக்கை காட்டியது ஒரு டிராகன். அதுவும் மெட்ரோபாலிட்டனைச் சேர்ந்ததுதான், 1200 வாக்கில் வட ஜெர்மனியில் செய்தது, வாங்கியது 1947இல். உயரம் சுமார் 22 செ.மீ. முன்பக்கம் இரண்டு காலில் நிற்கிறது, பின்பக்கம் காலே கிடையாது, சிறகுகளின் நுனிதான் தரையில் ஊன்றியிருக்கிறது. வால் மேலே சுருண்டு கைப்பிடி ஆகிவிட்டது, அந்த வாலில்தான் நிரப்புகிற துளை, அதன் மூடி இப்போது இல்லை. வாயில் ஒரு மனிதன். முக்காடு போட்ட ஒரு சின்ன உருவம் டிராகனின் பற்களுக்கிடையே மாட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வருவது அந்த மனிதனுக்குக் கீழே இருக்கிற துளையிலிருந்து. விழுங்குகிற வாய் வழியாகத்தான் கை கழுவுகிற தண்ணீர் வருகிறது என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கையை நீட்டுகிறவர் அந்த வாய்க்கு நேர் கீழே விரலை வைக்க வேண்டும், முகத்துக்கு முகம் அந்த ஆள் இருப்பான். டிராகன் என்றால் சாத்தான், விழுங்கப்படுகிறவன் பாவி, பாவத்தைக் கழுவு என்று இதற்குப் பிரசங்கம் செய்யலாம், செய்திருப்பார்கள். ஆனால் விருந்துக்கு வந்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

சரி, இந்த யோசனை ஐரோப்பாவில் பிறந்ததா என்றால் இல்லை. விலங்கு வடிவ உலோகப் பாத்திரம் இஸ்லாமிய நாடுகளில் அதற்கு நூற்றாண்டுகள் முன்பே இருக்கிறது. ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் ஒரு கழுகு இருக்கிறது, ஹிஜ்ரி 180 என்று தேதி பொறித்தது, அதாவது கி.பி. 796-97, செய்தவர் பெயர் சுலைமான். தேதி பொறித்த இஸ்லாமிய உலோக வேலைகளில் நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றில் ஒன்று. பாரிஸ் லூவ்ரில் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு மயில் கெண்டி இருக்கிறது, அதில் எழுத்து இரண்டு மொழியில்: அரபியில் ‘கிறிஸ்தவர் அப்துல் மாலிக்கின் வேலை’, லத்தீனில் ‘இது சாலமோனின் வேலை’. சாலமோன் என்பது இங்கே புகழ்ச்சி, அந்த ராஜாவின் கைவண்ணத்துக்கு ஈடான வேலை என்று பொருள் கொள்வார்கள். முஸ்லிம் ஆட்சியில் ஒரு கிறிஸ்தவக் கைவினைஞர், அரபியில் கையெழுத்து, லத்தீனில் பெருமை. இந்த வடிவம் ஐரோப்பாவுக்குள் எப்படி வந்தது என்பதற்கு ஒரே பாத்திரத்தில் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஸ்பெயின், சிசிலி, சிலுவைப் போர்கள், வணிகம், எல்லா வழியிலும் இப்படிப்பட்ட பொருள்கள் மேற்கே போயின. 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பட்டறைகள் தாங்களே செய்ய ஆரம்பித்தன.

ஹெர்மிடேஜில் இன்னொன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. திமில் உள்ள ஒரு பசு, மடியில் பால் குடிக்கும் கன்று, பசுவின் முதுகில் ஏறித் திமிலைக் கடிக்கும் ஒரு சிங்கம். சிங்கம்தான் கைப்பிடி, தண்ணீர் வருவது பசுவின் வாயிலிருந்து. ஹிஜ்ரி 603 முஹர்ரம் மாதம் என்று பொறித்திருக்கிறது, அதாவது 1206. அதில் உள்ள வாசகம் ஒரு விஷயத்தைக் கழுத்தை நிமிர்த்திச் சொல்கிறது: இந்தப் பசு, கன்று, சிங்கம் மூன்றும் இறைவன் உதவியால் ஒரே சமயத்தில் வார்க்கப்பட்டன. கூடவே செய்தவர் பெயரும் இருக்கிறது, அலி இப்னு முகம்மது இப்னு அபுல் காசிம். பாத்திரத்தில் இறைவனுக்கு நன்றி சொல்வதும் சொந்தக்காரரை வாழ்த்துவதும் வழக்கம். வார்ப்பு முறையைப் பற்றிப் பெருமையடிப்பது அபூர்வம். ஏன் இவ்வளவு பெருமை என்று புரிய வார்ப்பு எப்படி நடக்கும் என்று தெரிய வேண்டும்.

முறை மெழுகு வார்ப்புதான், சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் செய்கிறார்களே, அடிப்படையில் அதுவே. ஒரு பெரிய வித்தியாசம்: அங்கே விக்கிரகம் உள்ளே கெட்டியாக இருக்கும், இங்கே உள்ளே காலியாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் எங்கே நிற்கும்? அதனால் முதலில் களிமண்ணால் சிங்கத்தின் உடம்பை, கடைசி அளவைவிடக் கொஞ்சம் மெலிந்ததாகச் செய்வார்கள், நடுவில் இரும்புக் கம்பி வைத்து. இது கரு. அதன்மேல் சில மில்லிமீட்டர் கனத்துக்கு மெழுகு. பிடரிமயிர், கண், நகம், எல்லாம் இந்த மெழுகில்தான். கைப்பிடி டிராகனும் மெழுகிலேயே செய்து ஒட்டப்படும். அப்புறம் வெளியே மண் பூச்சு, முதலில் மிக நைசான மண், மேலே மேலே கரடுமுரடானது. இப்போது சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும், கருவுக்கும் வெளிப் பூச்சுக்கும் நடுவே மெழுகு இருந்த இடம் வெற்றிடமாக நிற்கும்.

ஆபத்து இங்கேதான். மெழுகு போனபின் உள்ளே இருக்கிற கரு எதன்மேல் நிற்கிறது? அந்தரத்தில் நிற்க முடியாது. மெழுகு உருகும் முன்பே உலோக ஊசிகளை மெழுகு வழியாகக் கருவுக்குள் குத்தி, மறுமுனை வெளிப் பூச்சில் பதியும்படி விட்டிருப்பார்கள். கரு ஒரு பக்கம் கொஞ்சம் நகர்ந்தாலும் அந்தப் பக்கம் சுவர் காகிதமாகும், எதிர்ப்பக்கம் தடித்துவிடும். உலோகம் ஊற்றும்போது நடுவிலே ஆறிப்போனால் ஒரு காது இருக்காது, ஒரு கால் இருக்காது. உள்ளே ஈரம் மிச்சம் இருந்தால் வெடிக்கும். ஒரே ஒரு மிருகத்துக்கே இத்தனை. பசு, கன்று, சிங்கம் என்று மூன்று உருவத்துக்கும் உலோகம் ஒரே ஊற்றில் போய்ச் சேர்ந்து, எதுவும் குறையாமல் வந்தது என்றால் அலி இறைவனைக் கூப்பிட்டதில் என்ன ஆச்சரியம்?

உடைத்து எடுத்தபிறகும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். கருவை வயிற்றுக்கடியிலோ மார்பிலோ விட்ட துளை வழியாகச் சுரண்டிச் சுரண்டி வெளியே எடுப்பார்கள், பிறகு அந்தத் துளையை உலோகத் துண்டால் அடைப்பார்கள். ஊசி இருந்த இடங்களையும் அடைக்க வேண்டும், சின்னப் பொத்தல்கள் இருந்தால் மேலே இன்னொரு முறை உலோகம் ஊற்றி ஒட்டுப் போட வேண்டும். அதன்பின் உளி வேலை, பிடரிமயிரின் ஒவ்வொரு கோடும். ஒரு சிங்கத்தைக் குனிந்து அடிவயிற்றைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள், சதுரமாக ஒரு அடைப்பு கண்ணில் படலாம். அழகான படங்களில் இது வராது. கால்களுக்குள்ளும் மூலைகளிலும் சுரண்ட முடியாத பழைய மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், இது பின்னால் பெரிய உதவி, சொல்கிறேன்.

உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அருங்காட்சியகப் பலகைகளில் வெண்கலம் என்று போட்டிருந்தாலும் ஐரோப்பியக் கெண்டிகளில் மிகப் பல பித்தளை வகைதான், செம்பும் துத்தநாகமும், கூடக் கொஞ்சம் ஈயமும் வெள்ளீயமும். அதனால்தான் இப்போதெல்லாம் நிபுணர்கள் ‘செம்புக் கலப்பு உலோகம்’ என்று பொதுவாகச் சொல்லி நழுவிவிடுகிறார்கள். எங்கே செய்தார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. பெல்ஜியத்தில் மியூஸ் ஆற்றுப் பக்கம் தினான், ஹுய் போன்ற ஊர்கள் பித்தளைக்குப் பேர் போனவை, பக்கத்திலேயே துத்தநாகத் தாது கிடைத்தது. வட ஜெர்மனியின் கீழ் சாக்சனியில் ஹில்டெஸ்ஹைம், பிரௌன்ஷ்வைக், கொஞ்சம் கிழக்கே மாக்டெபுர்க். கோஸ்லார் அருகே ராம்மெல்ஸ்பெர்க் சுரங்கத்துச் செம்பு இவர்களுக்குக் கூப்பிடு தூரம். ஹில்டெஸ்ஹைமில் வார்ப்பு ஒன்றும் புதிதில்லை, பிஷப் பெர்ன்வார்ட் 1015இல் வார்த்த மாபெரும் கதவுகள் அங்கே இன்றும் இருக்கின்றன. தினானுக்குத்தான் விதி சரியில்லை, 1466இல் பர்கண்டிப் படை ஊரையே தரைமட்டமாக்கியது, பட்டறைக்காரர்கள் சிதறிப் போனார்கள். அதற்குள் நியூரம்பெர்க் இந்தத் தொழிலில் மேலே வந்துவிட்டது.

ஏன் பெரும்பாலும் சிங்கம்? எஞ்சியிருக்கிற உலோகக் கெண்டிகளில் சிங்கத்துக்குத்தான் முதலிடம், மற்றது எதுவும் பக்கத்தில் வராது. சிங்கக்குட்டி செத்துப் பிறக்கும், மூன்றாம் நாள் தகப்பன் சிங்கம் ஊதி உயிர் கொடுக்கும் என்று அந்தக் காலத்து விலங்குக் கதைகளில் இருந்தது, அது கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலுக்கு அடையாளமாகச் சொல்லப்பட்டது, ஆகவே சர்ச்சுக்குப் பொருந்தும். அதே சிங்கம் பிரபுக்களின் சின்னம், ஆகவே வீட்டுக்கும் பொருந்தும். சாக்சனிக் கோமகன் ஹென்றிக்குப் பட்டப் பெயரே ‘சிங்கம்’தான், 1166 வாக்கில் பிரௌன்ஷ்வைக்கில் தன் கோட்டை முன்னால் ஆளுயரத்துக்கு ஒரு வெண்கலச் சிங்கத்தை நிறுத்திவைத்தார், அதே வட்டாரத்தில்தான் கெண்டிச் சிங்கங்களும் குவியலாக வருகின்றன. இதெல்லாம் உண்மை. ஆனால் என் கருத்தில், பட்டறைக்காரருக்கு இதைவிடச் சாதாரணமான ஒரு காரணமும் இருந்திருக்கும்: நான்கு தடித்த கால், பீப்பாய் மாதிரி வயிறு, பெரிய தலை, அகன்ற வாய். தண்ணீர் பிடிக்கும், கீழே விழாது, வார்க்க எளிது. மானின் காலையும் கொம்பையும் வார்த்துப் பார்த்தவனுக்குத் தெரியும் சிங்கத்தின் அருமை.

மான், குதிரை, நாய், சேவல், ஒற்றைக்கொம்பன், பாதி மனிதன் பாதிக் குதிரை எல்லாம் உண்டு. கழுகுத் தலையும் சிங்க உடம்பும் கொண்ட கிரிஃபின் ஒன்று வியன்னாவில் இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டு வேலை, பொன் முலாமும் வெள்ளிப் பதிப்பும் போட்டது, பித்தளைச் சிங்கங்களுக்குப் பழகிய கண்ணுக்கு அது கொஞ்சம் அதிகப்படி ஆடம்பரம். குதிரை மேல் அமர்ந்த போர்வீரன் வடிவம் 13ஆம் நூற்றாண்டில் பிரபலம். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒன்று இங்கிலாந்தின் வடக்கே ஹெக்ஸம் அருகே டைன் ஆற்றிலிருந்து கிடைத்தது. இந்த வகையில் தண்ணீர் வரும் மூக்கு குதிரையின் நெற்றியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், ஏதோ ஒற்றைக்கொம்பு முளைத்த மாதிரி.

மனிதர்கள் வருகிற கெண்டிகளில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது, அரிஸ்டாட்டிலும் பிலிஸும். கதை இப்படி: அலெக்சாண்டர் பிலிஸ் என்கிற பெண்ணின் மயக்கத்தில் ராஜ்யத்தை மறந்து கிடக்கிறான், குரு அரிஸ்டாட்டில் கண்டிக்கிறார். அவள் குருவையே மயக்கி, ‘என்னை முதுகில் ஏற்றிச் சவாரி விடு, அப்புறம் பார்க்கலாம்’ என்கிறாள். கிழவர் நாலு காலில் தவழ, அவள் மேலே உட்கார்ந்திருக்க, அலெக்சாண்டர் மறைந்திருந்து பார்க்கிறான். உண்மையில் நடந்ததில்லை, இடைக்காலத்தில் கட்டிய கதை, பிரசங்கங்களிலேயே சொல்லப்பட்டது. மெட்ரோபாலிட்டனில் இருக்கும் கெண்டி 14ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 15இன் தொடக்கம், தெற்கு நெதர்லாந்து வேலை, உயரம் 32.5 செ.மீ. பிலிஸ் ஒரு கையால் அவர் தலைமயிரைப் பிடித்திருக்கிறாள், இன்னொரு கை அவர் பின்புறத்தில். அவர் முகத்தில் ஒரு பரிதாபம். இதைச் சர்ச்சில் வைத்திருப்பார்கள் என்று யாரும் வாதாட மாட்டார்கள், விருந்து மேசைக்குத்தான். மேதையானாலும் இப்படித்தான் என்று கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு பக்கம் சிரித்துக்கொள்ளத் தோதான பொருள்.

1400 வாக்கில் தண்ணீரின் வழி மாறுகிறது. நியூரம்பெர்க் சிங்கங்கள் சிலவற்றில் வாயில் குழாய் இருக்காது, மார்பில் திருகு குழாய் இருக்கும், இன்று நம் பில்டரில் இருக்கிற மாதிரி. இது சின்ன மாற்றம் போலத் தெரியும். ஆனால் சாய்க்கத் தேவையில்லை என்றால் ஊற்றுவதற்கு ஆள் தேவையில்லை. சிங்கத்தை ஒரு மாடத்தில் வைத்துவிட்டு அவரவர் போய்த் திருகிக் கழுவிக்கொள்ளலாம். முதுகில் கைப்பிடி மட்டும் பழைய பழக்கத்தில் தொடரும். அதே காலத்தில் மாடத்தில் சங்கிலியில் தொங்கவிடுகிற சட்டி வடிவக் கெண்டியும் பரவலாகிறது. ஓவியர் ராபர்ட் கம்பின் பட்டறையில் 1430ஐ ஒட்டி வரைந்த மெரோடு பீடப் படத்தில், தேவதூதன் மரியாளிடம் வருகிற அறையின் மாடத்தில் அப்படி ஒன்று தொங்குகிறது, பக்கத்தில் துண்டும் மாட்டியிருக்கிறது. முழு விலங்கு போய்விட்டது, இந்தச் சட்டிகளின் மூக்கு நுனியில் மட்டும் சின்னதாக விலங்குத் தலை மிஞ்சியது. 16ஆம் நூற்றாண்டில் உயரமான கூஜாவும் தட்டுமாக வெள்ளியில் ஜோடி செட் வாங்குவது நாகரிகம் ஆனபோது பித்தளைச் சிங்கம் பழைய சாமான் ஆகிவிட்டது. பழைய பித்தளைக்கு எப்போதும் ஒரே கதிதான், உருக்கிவிடுவார்கள். இன்று உலகம் முழுக்க எஞ்சியிருப்பவை சில நூறுதான்.

இஸ்லாமிய உலகில் இது வேறு திசையில் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டால் நம்பமாட்டீர்கள். அந்தப் பசு வார்க்கப்பட்ட அதே 1206இல், இன்றைய துருக்கியில் உள்ள தியார்பகிரில், அர்துகித் வம்ச அரசவையில் இருந்த பொறியாளர் அல்-ஜசரி தன் இயந்திர நூலை முடித்தார். அதில் கை கழுவ ஒரு மயில் இருக்கிறது. வாலில் உள்ள அடைப்பை இழுத்தால் அலகிலிருந்து தண்ணீர் வரும். கழுவிய தண்ணீர் கீழே பேசினில் சேரச் சேர உள்ளே ஒரு மிதவை உயரும், அது ஒரு கதவைத் திறக்கும், உள்ளிருந்து ஒரு பொம்மைப் பணியாள் கை கழுவும் பொடியோடு வெளியே வருவான். தண்ணீர் இன்னும் உயர்ந்தால் இரண்டாவது மிதவை, இரண்டாவது பொம்மை, அவன் கையில் துண்டு. ஐரோப்பாவில் ஆளை விலக்கத் திருகு குழாய் வந்தது, இங்கே ஆளுக்குப் பதில் பொம்மையையே வைத்துவிட்டார்கள்.

கடைசியாக, ‘இப்படி ஒன்று ஏலத்தில் பார்த்தேன், அசலா?’ என்று கட்டாயம் யாராவது கேட்பீர்கள் என்பதால். 19ஆம் நூற்றாண்டில் இடைக்காலப் பொருள் மோகம் ஐரோப்பாவைப் பிடித்து ஆட்டியது, கெண்டிகளின் நகல்கள் நிறைய வந்தன, சில நேர்மையாக நகல் என்று விற்கப்பட்டவை, சில இல்லை. கண்டுபிடிக்க இரண்டு நல்ல வழி இருக்கிறது. ஒன்று துத்தநாகம். இடைக்கால ஐரோப்பாவில் துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரிக்கத் தெரியாது, செம்பையும் துத்தநாகத் தாதுவையும் கரியையும் மூசையில் சேர்த்துச் சூடாக்குவார்கள், ஆவியாக வருகிற துத்தநாகத்தைச் செம்பு உறிஞ்சிக்கொள்ளும். இந்த வழியில் சுமார் 30 சதவீதத்துக்கு மேல் துத்தநாகம் ஏறாது. தனியாக வடித்தெடுக்கும் முறைக்கு பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் காப்புரிமை வாங்கியது 1738இல்தான் (ராஜஸ்தானின் ஜாவரில் அதற்கு நூற்றாண்டுகள் முன்பே வடித்துக்கொண்டிருந்தார்கள்). ஆகவே சோதனையில் துத்தநாகம் 35, 40 என்று வந்தால் அந்தச் சிங்கம் எந்தச் சிலுவைப் போரையும் பார்த்ததில்லை. இரண்டாவது, மேலே சொன்னேனே, காலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் கருமண். அது கடைசியாக எப்போது சுட்டது என்பதை வெப்ப ஒளிர்வுச் சோதனையில் கணக்கிடலாம். மண்ணையே காணோம், உள்ளே வழவழவென்று சுத்தமாக இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

இந்தச் சோதனை வசதியெல்லாம் இல்லாவிட்டால், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள் என்று சொல்ல ஆசைதான், விற்பவர் விடமாட்டார். குறைந்தபட்சம் துளைகளையாவது பாருங்கள். நிரப்புகிற துளை விரல் நுழையாத அளவுக்குச் சின்னதாக இருந்தால், அல்லது வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவே வழியே இல்லாவிட்டால், அதைச் செய்தவர் அதில் யாரும் கை கழுவப்போவதில்லை என்று தெரிந்தே செய்திருக்கிறார்.